பிறக்கும்போதே தாடி வைத்திருந்த ரஷ்யர்

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அகராதி, மென்பொருள், கலைச்சொல் இதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகக் கையாளுகிறீர்கள். அதைச் சொல்ல நான் விட்பியிலிருந்து ரயில் ஏறி வரத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு. முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்த நான் ஒரு புத்தகத்தில் பொய் கலந்தேன். நல்ல நோக்கத்தோடுதான் செய்தேன். நல்ல நோக்கம் உள்ளவர்களிடம் மிகவும் கவனமாக இருங்கள், அதிலும் அந்த நோக்கம் உங்களுடையதாக இருந்தால்.

புத்தகம், ஒரு ரஷ்ய நாவலாசிரியர் போரைப் பற்றி எழுதியவற்றின் தொகுப்பு. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே எல்லோரும் தலையாட்டத் தொடங்குவீர்கள், பெரிய மனிதர், ஞானி என்று. அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கெடுத்தது.

இவ்வளவு தெரிந்தால் போதும். இருபதுகளில் அவர் பீரங்கிப் படை அதிகாரி. முற்றுகைக்குள் இருந்த ஒரு துறைமுக நகரத்தில் நின்று போரிட்டவர். அங்கிருந்து அவர் எழுதிய முதல் எழுத்தில் நாட்டுப்பற்று பொங்கி வழியும். சில மாதங்களிலேயே சுருதி மாறுகிறது. பிணங்களும், பதக்கத்துக்கு அலையும் அதிகாரிகளும் கண்ணில் படத் தொடங்குகின்றன. நாற்பதை ஒட்டிய வயதில், தான் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு போரை வைத்து மாபெரும் நாவல் எழுதுகிறார். அதில் தளபதிகள் தாங்கள்தான் போரை நடத்துவதாக நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. முதுமையில் எல்லாவற்றையும் தூக்கி எறிகிறார். எந்த நாட்டுக்காகவும் எந்தக் காரணத்துக்காகவும் ஒருவன் இன்னொருவனைக் கொல்லக்கூடாது, படையில் சேரச் சொன்னால் மறுத்துவிடு என்கிறார். அரசாங்கமும் தேவாலயமும் அவர்மேல் பாய்ந்தன.

இந்த மூன்று வயதையும் மூன்று பகுதியாக்கி ஒரே நூலாகத் தமிழில் கொண்டுவருவது என்று ஊரை விட்டு இங்கே வந்து குடியேறிய நாங்கள் ஸ்காபுரோவில் நடத்திய வாசகர் சங்கம் முடிவு செய்தது. ரஷ்ய மொழி எங்கள் யாருக்கும் தெரியாது. இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் உட்கார்ந்து வேலை செய்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் தங்கையின் மகன் ஊரில் பதினேழு வயதில் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போனவன். திரும்பி வரவில்லை. யுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு பற்றி எரியும். அந்த வயிற்றோடுதான் முதற் பகுதியை மொழிபெயர்த்தேன்.

சரிபார்க்கும் வேலையை ரூபன் செய்தார். ஐம்பது வயதை நெருங்கியவர். மில்லிக்கனில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை, வெக்ஸ்போர்ட்டில் தாயோடு குடியிருப்பு. எங்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை கூட எழுதாதவர் அவர் ஒருவர்தான். கேட்டால், "எனக்கு எழுத வராது அக்கா" என்பார். ஆனால் வசனத்தில் ஒரு சொல் இடறினால் அவருடைய பென்சில் அங்கே நிற்கும். எழுதவே வராத ஒருவருக்கு அந்தக் காது எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை வெக்ஸ்போர்ட் பிளாசாவில் உள்ள கோப்பிக் கடையில் முதற் பகுதியின் தாள்களைத் திருப்பித் தந்தார். எழுத்துப் பிழை ஏதும் இல்லை என்றார். ஆனால் எழும்பிப் போகவில்லை.

"என்ன தம்பி, சொல்லும்."

"அக்கா, கோவிக்கக் கூடாது. நீங்கள் மொழிபெயர்த்த ஆளுக்குப் பிறக்கேக்கையே தாடி இருந்திருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இருபத்தைஞ்சு இருபத்தாறு வயசுப் பெடியன் இது. தானாப் போராட்டக் களத்துக்குப் போன பெடியன். இவன் ஏன் தொடக்கத்திலயிருந்தே கிழவன் மாதிரிக் கவலைப்படுறான்? ஷெல் தலைக்கு மேலால போகேக்க இவனுக்குப் பயம் மட்டும்தானா வந்தது? வேற ஒண்டும் வரேல்லையா?"

"வேற என்ன வரோணும்?"

"சந்தோசம்" என்றார் ரூபன். "நான் ஆங்கிலப் புத்தகம் பாக்கேல்லை. ஆனா அந்த இடத்தில சந்தோசம் எண்டு ஒரு சொல் இருந்திருக்கோணும். நீங்கள் எடுத்துப்போட்டியள்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இருந்தது உண்மை. குண்டு பறக்கும்போது அச்சத்தோடு கலந்து வருகிற ஓர் இன்பம் என்ற பொருளில் இரண்டு ஆங்கிலப் புத்தகங்களிலும் இருந்தது. நான் அதைப் 'பதற்றம்' ஆக்கியிருந்தேன். அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்ற ஆத்திரத்தில், "உமக்கென்ன தெரியும் அந்தச் சந்தோசத்தைப் பற்றி? நீர் துவக்குத் தூக்கினனீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. பாட்டு எழுதினனான்."

மெல்லச் சொன்னார். இருபத்திரண்டு வயதில், வேறொரு பெயரில் எழுதியது, இளைஞர்களைப் போருக்கு அழைத்து ஊர் ஊராக ஒலிபெருக்கியில் போன ஒரு பாட்டு. முதலடியைச் சொன்னார். எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நாளில் அதைக் கேளாத யாழ்ப்பாணத்தவர் யாருமில்லை. "எழுதேக்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சது. பொய்க்கு எழுதேல்லை, முழு மனசோட எழுதினனான். மூண்டு மாசத்தில என்ர தம்பி அதைப் பாடிக்கொண்டே வீட்டை விட்டு இயக்கத்துக்குப் போனான். திரும்பி வரேல்லை. அது நான் எழுதினது எண்டு அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. உங்கட தங்கச்சியின்ர பெடியனும் அதைக் கேட்டிருப்பான்."

"எழும்பும்" என்றேன். "வெளிய போம்."

கோப்பியைக் கூடக் குடிக்காமல் போனார். அவரை அறைந்திருப்பேன், நாற்காலிகளுக்கிடையில் கொஞ்சம் இடமிருந்திருந்தால்.

இப்போது கவனியுங்கள். அந்தப் பாட்டை எழுதியவர்மேல் எனக்கு இருந்த கோபம் நியாயமானது. இன்றைக்கும் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்துக்கும் தாளில் இருந்த பிழைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சொன்னவர் யார் என்பதை வைத்துச் சொன்னதைத் தள்ளிவிடுவது நம் தொழிலில் மிகச் சுலபம். நான் ஐந்து நாள் அப்படித் தள்ளிவைத்திருந்தேன்.

ஆறாம் நாள் மகள் வேலைக்குப் போன பிறகு சாப்பாட்டு மேசையில் ஆங்கிலப் புத்தகங்களையும் என்னுடைய தாள்களையும் விரித்தேன். ஐயோ, வெட்கக்கேடு! ஒரு இடத்தில் அல்ல. சிப்பாய்களைக் கண்டு அவர் பெருமையில் பூரிக்கும் இடம் என்னிடம் 'இரங்கினார்' ஆகியிருந்தது. தான் அங்கே நிற்பதையிட்டு அவருக்கு வரும் மகிழ்ச்சி ஒரு முழு வசனமாகவே காணாமற் போயிருந்தது. ஒரு பிழையும் தெரியாமல் செய்ததல்ல. ஒவ்வொன்றையும் செய்தபோது, 'இவர் பிறகு மாறப்போகிறவர்தானே' என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லியிருந்தேன்.

அதோடு போகவில்லை. மூன்றாம் பகுதிக்காக அவருடைய முதுமைக் காலக் குறிப்புகளையும் படித்திருந்தேன். போரே கூடாது என்று உலகமெல்லாம் கேட்க எழுதிய பிறகு, தன் நாட்டுப் படை கிழக்கே ஒரு கோட்டையை எதிரியிடம் இழந்த செய்தி வருகிறது. கிழவருக்கு வலிக்கிறது. தன் பக்கம் தோற்றது நோகிறது என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறார். அந்தக் குறிப்பை நான் தொகுப்பில் சேர்க்கவே இல்லை. தொடக்கத்திலும் ஞானி, முடிவிலும் ஞானி. நடுவில் இருந்த ஆளை நான் காணாமலாக்கிவிட்டேன்.

திருத்தினேன். எடுத்த எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிப் போட்டேன். அந்த இளம் அதிகாரியின் சந்தோசத்தைத் தமிழில் எழுதியபோது எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் நன்றாக எழுதினேன், வாசிப்பவனுக்கும் ஒரு கணம் புல்லரிக்கும்படி. அப்படி எழுதாவிட்டால் பிறகு அந்த மனிதர் எதிலிருந்து மாறினார் என்பது யாருக்கு விளங்கும்?

மறுநாள் மதியம் மில்லிக்கனுக்குப் போனேன். தொழிற்சாலையின் பார்க்கிங்கில், மாவு படிந்த தொப்பியோடு ரூபன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றார். என்னைக் கண்டதும் மூடினார்.

"சாப்பிடும். நான் சண்டைக்கு வரேல்லை" என்று தாள்களைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். சந்தோசம் என்ற சொல் வந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது.

"இப்ப சரி அக்கா."

"சரியெண்டால் நீர் பின்னுரை எழுதும்."

"எனக்கு எழுத வராது."

"உந்தக் கண்டறியாத கதையை என்னட்டச் சொல்லாதேயும். உமக்கு எழுத வரும். அதுதான் உம்முடைய பிரச்சினை. அந்தப் பாட்டை முழுசாப் போடும், உம்முடைய சொந்தப் பெயரைப் போடும், பிறகு இண்டைக்கு என்ன நினைக்கிறீர் எண்டு எழுதும். உம்மை நான் மன்னிச்சுப்போட்டன் எண்டு நினைக்காதேயும். எழுதும்."

மூன்று வாரத்தில் இரண்டு பக்கம் வந்தது. முதற் பக்கத்தில் பாட்டு, ஓர் அடி குறையாமல். அடுத்த பக்கத்தில் அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன்: இதை எழுதியவன் நான். எழுதும்போது மகிழ்ச்சியாக இருந்தேன். இதைக் கேட்டு என் தம்பி போனான். இன்று இதை எழுத மாட்டேன். ஆனால் எழுதவில்லை என்றும் சொல்ல மாட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் எழுதிய முதல் பக்கம் அது. மொழிபெயர்ப்பு முழுவதையும்விட அந்தப் பக்கம் நன்றாக இருந்தது, சொன்னால் என்ன.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். "அச்சுக்குப் போக முதல் அம்மாவிட்ட குடும். புத்தகத்தில பாத்து அவ அறியக் கூடாது."

கொடுத்தார். பதினொரு நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்டேன். "வாசிச்சா அக்கா. ரண்டு தரம் வாசிச்சா. பிறகு எழும்பிச் சோறு போட்டுத் தந்தா. அண்டையிலயிருந்து என்னோட ஒரு கதை இல்லை. சாப்பாடு மட்டும் வருது."

"அப்ப பின்னுரையை எடுப்பமோ?"

"வேண்டாம்" என்றார்.

கோப்பு அச்சகத்துக்குப் போகவேண்டிய நாள் வந்தது. மாலை நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால் வெளியீட்டு விழாவுக்குப் புத்தகம் வராது. மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அடித்து, முதற்பிரதி வாங்குபவர், சிறப்புப்பிரதி வாங்குபவர்கள் என்று பட்டியலும் போட்டாயிற்று. நம்முடைய விழாக்கள் உங்களுக்குத் தெரியும். புத்தகத்தை வாசித்தவரைவிட மேடையில் வாங்குபவர் தொகை கூட. மூன்று மணிக்குச் சங்கத் தலைவர் அழைத்தார்.

"தங்கச்சி, ஒரு சின்ன மாற்றம். மூண்டாம் பகுதியை இப்ப போடவேண்டாம். முதற் பகுதி அந்த மாதிரி வந்திருக்கு! முற்றுகை, தியாகம், சனத்துக்கு நல்லாப் பிடிக்கும். மற்றதை இன்னொரு தொகுதியாப் போடுவம். பின்னுரையும் வேண்டாம்."

"ஏன் அண்ணை?"

"உமக்கு விளங்காதே? அதைப் போட்டா ஒரு பக்கம் ரூபனைத் துரோகி எண்டும், மற்றப் பக்கம் பிள்ளைபிடிகாரன் எண்டும். ரண்டு பக்கத்தாலயும் அடி. நான் அவற்ற நன்மைக்குத்தான் சொல்லுறன்."

அவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அதோடு, நான் திருத்தி எழுதிய அந்தச் சந்தோசப் பக்கங்கள்தான் அவருக்கு 'அந்த மாதிரி' பிடித்திருந்தன. என் வேலையே எனக்கு எதிராக நின்றது. பழைய தாடிக்காரப் பிரதியை விட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது என்று ஒரு கணம் நினைத்தேன். சரி என்று சொல்லிவிடவும் வாய் திறந்தேன். இன்னொரு தொகுதி வரும்தானே, அவசரப்படாமல் பார்க்கலாம்தானே. நெருக்கடியில் நமக்கு முதலில் தோன்றுவது எப்போதும் இப்படி மரியாதையான உடையில்தான் வரும்.

அப்போதுதான் உறைத்தது. நான் அந்த எழுத்தாளரின் இளமையை வெட்டினேன். இவர் முதுமையை வெட்டக் கேட்கிறார். இரண்டு பேருக்கும் வேண்டியது மாறாத ஓர் ஆள். எனக்கு வேண்டியது ஒருநாளும் பிழை விடாதவர், அவருக்கு வேண்டியது ஒருநாளும் மனம் மாறாதவர். நம்முடைய சனத்துக்குள் மனம் மாறினவனுக்கு உட்காரக் கதிரை கிடையாது. இந்தப் பக்கம் இருந்து எழும்பினால் அந்தப் பக்கத்துக்காரன் இவ்வளவு காலம் எங்கே இருந்தாய் என்று கேட்பான். அதற்குப் பயந்து எத்தனை பேர் வீட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்கள்!

"அண்ணை, போட்டா முழு ஆளையும் போடுவம்" என்றேன். "இல்லாட்டி உங்களுக்குப் புத்தகம் இல்லை."

"மண்டபம் பிடிச்சாச்சு தங்கச்சி!"

"மண்டபத்தில வேற ஏதும் செய்யுங்கோ. டான்ஸ் போடுங்கோ."

"உமக்கு விசரே?"

"ஓம் அண்ணை, விசர்தான்" என்று வைத்துவிட்டேன். முதல் பக்கத்திலிருந்து சங்கத்தின் பெயரை அழித்தேன். அச்சுக் கூலி என் பொறுப்பு என்று எழுதி, மூன்று பகுதியையும் பின்னுரையையும் நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அனுப்பினேன். அந்தச் சங்கம் பிறகு என்னை எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கவில்லை. அதற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை, உங்கள் முன்னாலும் வருந்தப்போவதில்லை.

வெளியீடு ரூபன் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளப் பொதுக்கூடத்தில் நடந்தது. பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு மேசை, அட்டைப் பெட்டிகளில் புத்தகம். மைக் இல்லை. ஞாயிறு மதியம் இருபது பேர் வந்திருப்போம். முதற்பிரதி வாங்க யாரையும் நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை. ரூபன் வாசலை ஒட்டி நின்றுகொண்டு, லிஃப்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார். தாய் ஏழாம் மாடியில் இருந்தார். வருவாரா என்று நான் கேட்கவில்லை.

நான் பேசத் தொடங்கிய பிறகுதான் வந்தார். எண்பதைத் தாண்டிய, ஒடிசலான அம்மா. வெள்ளைச் சேலை, அதன்மேல் குளிர் ஜாக்கெட். மகனைப் பார்க்காமல் நேரே மேசைக்கு வந்து ஒரு பிரதியை எடுத்தார். கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

"இதைச் செய்தது நீரே பிள்ளை?"

"ஓம் அம்மா."

"இதில 'என் தம்பி' எண்டு மட்டும் கிடக்கு. அவனுக்குப் பேர் இல்லையோ?"

ஒரு வருடம் உழைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்த எனக்கும், எழுத்துப் பிழையே விடாத ரூபனுக்கும் அது தோன்றவில்லை. ரூபன் கிட்ட வந்தார். "அம்மா, உங்களுக்கு நோகும் எண்டுதான்..."

"எனக்கு நோகாமலிருக்கத்தான் நீ இருபத்தைஞ்சு வருசம் வாய் திறக்கேல்லை. இப்பவும் அதே கதை." பிறகு என்னிடம் திரும்பினார். "உவனை நான் இன்னும் மன்னிக்கேல்லை பிள்ளை. மன்னிப்பனோ தெரியாது. ஆனா எழுதினவன் தன்ர பேரைப் போட்டிருக்கிறான். போனவன்ர பேரும் இருக்கோணும். பேனை தாரும்."

கொடுத்தேன். ஜாக்கெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். 'என் தம்பி' என்பதன் பக்கத்தில், சிறிய, நேரான எழுத்தில் ஒரு பெயரை எழுதினார். அந்தப் பிரதியை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நாங்கள் பெட்டிகளைத் திறந்து, அந்தப் பக்கத்தை விரித்து விரித்து நீட்டிக்கொண்டு நின்றோம். ரூபன் ஒரு பக்கம், நான் மறுபக்கம். முப்பது நாற்பது பிரதி போனதும் அவருடைய விரல்கள் விறைக்கத் தொடங்கின. நான் பேனையை வாங்கப் போனேன்.

"விடும்" என்றார். "பேர் வைச்சவள் நான்."

வெளியே இருட்டும்வரை அவர்தான் எழுதினார்.